தனி வழி, யார் வழி?

1843இல் சிங்கப்பூரிலிருந்து மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி ஒரு மரப்பிசினை லண்டனுக்கு அனுப்பினார். மலாய்க்காரர்கள் அதை கெத்தா பெர்ச்சா என்பார்கள். வெந்நீரில் போட்டால் மாவு மாதிரி இளகும், ஆறினால் இறுகிவிடும். கடல்நீர் அதை அரிக்காது, மின்சாரமும் அதன் வழியாகக் கசியாது. 1851இல் இங்கிலாந்து - பிரான்ஸ், 1866இல் அட்லாண்டிக், 1871இல் மெட்ராஸ் - பினாங்கு - சிங்கப்பூர் என்று கடலடித் தந்திகளெல்லாம் இந்தப் பிசினைப் போர்த்திக்கொண்டுதான் போயின. ஜொகூர் தெமெங்கோங் இப்ராஹிம் இந்த வியாபாரத்தில் செழித்தார். பாலுக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள், காடு காலியானது.

பிரிட்டனுக்கு வெறும் தந்தி போதவில்லை, தன் மண்ணை மட்டுமே தொட்டுப் போகும் தந்தி வேண்டியிருந்தது. 1902இல் பசிபிக் கேபிளோடு அந்த வளையம் முடிந்தது. போர் வந்ததும், 1914 ஆகஸ்ட் 5 அன்று, ஜெர்மனியின் கேபிள்களை வெட்டிப் போட்டது. அதற்குப் பிறகு ஜெர்மனி இரவல் கம்பியில் பேச வேண்டியதாயிற்று. 1917இல் சிம்மர்மேன் தந்தி அமெரிக்கத் தூதரகத்தின் கம்பியில்தான் போனது. பிரிட்டன் அதை வழியிலேயே எடுத்துப் படித்தது.

இன்றைய கதையும் இதுதான். அலுவலக சர்வரை கிளவுடோடு பொது இணையம் தொடாமல் இணைக்க, அமேசான் 2011இல் டைரக்ட் கனெக்ட் கொண்டுவந்தது. நம் லைன் ஒரு டேட்டா சென்டருக்குப் போகும். அங்கே நம் ரௌட்டரையும் அவர்கள் ரௌட்டரையும் ஒரு ஃபைபர் துண்டு இணைக்கும். எந்த முகவரி எந்தப் பக்கம் என்று இரண்டும் பிஜிபியில் சொல்லிக்கொள்ளும். 'பிரைவேட்' என்ற சொல்லை நம்பி பலரும் இங்கே நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் அந்த லைன் தானாக எதையும் மறையாக்கம் செய்வதில்லை. மேக்செக்கோ ஐபிசெக்கோ நாமே போட வேண்டும். வழி தனி என்பதால் பூட்டும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அறுந்தால் என்ன செய்வது? வேறு கட்டடம் வழியாக இரண்டாவது லைன் வேண்டும்.

2019இல் சிங்கப்பூர் புதிய டேட்டா சென்டர்களை நிறுத்தி வைத்தது, ஜொகூருக்கு வேலை வந்தது. கூலாயில் ஒரு தோட்டத்தில் இப்போது டேட்டா சென்டர் பூங்கா. அன்று மரப்பால் கொடுத்தோம். இன்று நிலமும் தண்ணீரும் மின்சாரமும் கொடுக்கிறோம். கம்பி அன்றும் நம்முடையதாக இல்லை. இன்று யாருடையது என்றாவது கேட்டு வைப்போம்.