படிவுக்கு மேலே தேயும் செல்கள்: ட்ரூசன் குறித்த அறிவு வளர்ந்த வரலாறு

வயதான காலத்தில் பார்வை மங்கினால் நெல்லைப் பக்கத்தில் முதலில் வரும் சொல் ‘புரை’. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 1988இல் திருநெல்வேலிக்கு வந்தது. தச்சநல்லூர் முதியவர்களுக்கும் சுற்றுக் கிராமத்தாருக்கும் புரை அறுவை எட்டும் தூரத்துக்கு வந்தது. இதில் அதிகம் பேசப்படாத விளைவு ஒன்று உண்டு. புரை முற்றிய கண்ணில் விழித்திரையை மருத்துவரால் சரிவரப் பார்க்க முடியாது. புரையை எடுத்த பிறகே பின்னால் இருக்கும் நோய் வெளிப்படும். அரவிந்த் குழு தென்தமிழகக் கிராமங்களில் 40 வயது கடந்தவர்களிடம் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வு, விழித்திரையின் மையமான மாக்குலாவின் முதுமைசார் சிதைவு ஆரம்பநிலையில் 2.7 சதவீதம் பேருக்கும், முற்றிய நிலையில் 0.6 சதவீதம் பேருக்கும் இருப்பதாகக் காட்டியது.

அந்தச் சிதைவின் முன்னறிகுறி, விழித்திரைக்கு அடியில் மஞ்சள் புள்ளிகளாகத் தெரியும் ட்ரூசன் படிவு. படிவைப் பார்த்துவந்த வரலாறு நீண்டது. அதன்மேல் இருக்கும் ஒளியுணர் செல்களைப் பார்த்த வரலாறோ மிகக் குறுகியது. இந்த இடைவெளியின் விளைவை இன்றைய பரிசோதனை முறையிலும் காணலாம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1854இல் கார்ல் வெடல், 1855இல் டோண்டர்ஸ், 1856இல் ஹைன்ரிக் முல்லர் ஆகியோர் இறந்தவர்களின் கண்களில் இப்படிவுகளை விவரித்தனர். 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் உருவாக்கிய விழிநோக்கிக் கருவி, உயிருள்ள கண்ணிலும் இவற்றைக் காண வழிசெய்தது. 1874இல் லண்டனில் ஹட்சின்சனும் டேயும் முதியவர்களின் மையப் பார்வை இழப்பை விவரித்தார்கள். ஆனாலும் நெடுங்காலம் படிவு, நரையைப் போல முதுமையின் ஓர் அடையாளமாகவே எண்ணப்பட்டது. 1960களிலும் 70களிலும் காஸ், ஷெர்லி சார்க்ஸ் ஆகியோரின் பணிகளுக்குப் பிறகே அது பார்வை இழப்போடு உறுதியாக இணைக்கப்பட்டது.

படிவு சேரும் இடம்தான் சிக்கலுக்குக் காரணம். ஒளியுணர் செல்கள் இருக்கும் அடுக்கில் ரத்தக்குழாய் கிடையாது. அவற்றுக்கு வேண்டிய ஆக்சிஜனும் வைட்டமின் ஏ-யும் கீழே உள்ள கோராய்டு என்ற ரத்தக்குழாய் அடுக்கிலிருந்து, புரூக் என்ற சவ்வையும் அதன்மேல் உள்ள நிறமி அடுக்கையும் கடந்து வர வேண்டும். செல்கள் நாள்தோறும் உதிர்க்கும் நுனிகளை நிறமி அடுக்கு விழுங்கிச் செரிக்கிறது. கழிவு அதே வழியாக வெளியேறுகிறது. அந்தச் சவ்வுக்கும் நிறமி அடுக்குக்கும் நடுவேதான் கொழுப்பும் புரதமும் குவிகின்றன. வரத்து, போக்கு இரண்டும் தடைபடுகின்றன.

1993இல் கிறிஸ்டின் கர்சியோவின் குழு, தானமாகக் கிடைத்த கண்களில் செல்களை எண்ணியது. முதுமையில் மையப் பகுதியில், ஒளியுணர் செல்களின் ஒரு வகையான குச்சி செல்களில் ஏறத்தாழ 30 சதவீதம் குறைகின்றன. மற்றொரு வகையான கூம்பு செல்களின் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை. இந்த வரலாற்றின் திருப்புமுனை என்று நான் கருதுவது இதைத்தான். 2003இல் ஜான்சனும் உடனாய்வாளர்களும் படிவின்மேல் நேராக இருக்கும் செல்களை ஆராய்ந்தார்கள். அவற்றின் வெளிப்பகுதி குட்டையாகியிருந்தது, சில வளைந்திருந்தன, எண்ணிக்கையும் குறைந்திருந்தது. மிகச் சிறிய படிவின் மேலும் இதே நிலைதான். அடுத்த சில ஆண்டுகளில், விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேன், உயிருள்ள கண்ணிலேயே ஒளியுணர் செல் அடுக்கு மெலிந்திருப்பதைக் காட்டியது. படிவு உருவாகும் காரணம் பற்றிய தேடலில் 2005ஆம் ஆண்டு முக்கியமானது. நோய் எதிர்ப்புடன் தொடர்புடைய காம்ப்ளிமென்ட் ஃபேக்டர் எச் என்ற மரபணுவின் ஒரு மாறுபாடு இந்நோயின் அபாயத்தைக் கூட்டுவதாக அப்போது தெரியவந்தது.

ஆனால் நம் பரிசோதனை அறையில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகை அளப்பது கூம்பு செல்களின் வேலையை மட்டுமே. 1940களில் ஆம்ஸ்லர் வடிவமைத்த கட்டம் போட்ட தாளும் அப்படித்தான்: நேர்க்கோடுகள் வளைந்து தெரியும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். முதலில் நலியும் குச்சி செல்கள் மங்கலான வெளிச்சத்துக்கானவை. அவை நலிந்தால், வெயிலிலிருந்து வீட்டுக்குள் வந்தவருக்கு இருட்டு பழக வழக்கத்தைவிட நேரமாகும்; அந்தி சாய்ந்தால் படி தடுமாறும். ‘வயசாயிட்டுல்லா’ என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். 2016இல் சிந்தியா ஓஸ்லியின் குழு வெளியிட்ட ஆய்வில், விழித்திரை நலமாகத் தெரிந்த முதியவர்களிலும் இருட்டுக்குப் பழகத் தாமதமானவர்களுக்கு, மூன்று ஆண்டுகளுக்குள் ஆரம்பநிலைச் சிதைவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. கிராம முகாம்களில் எழுத்துப் பலகைக்கு முன் நிறுத்தப்படும் முதியவரிடம் அந்திப் பார்வை பற்றியும் ஒரு கேள்வி கேட்கலாம். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.