கேமரன் மலையில் ஒரு கணினித் தொலைநோக்கி

கேமரன் மலைக்குச் செல்லும் நம்மவர்கள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஸ்ட்ராபெரி வாங்குவார்கள். குளிர் ஏறியதும் கீழே இறங்கிவிடுவார்கள். அந்த மலைக்குப் பெயர் தந்த மனிதர், அதைக் கண்ணால் கண்டும் தவறவிட்டவர் என்பது நேயர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வில்லியம் கேமரன் என்ற அரசாங்க நில அளவையாளர் 1885-ஆம் ஆண்டு பேராக், பகாங் எல்லைப் பகுதியை அளக்க அனுப்பப்பட்டார். மலைகள் சூழ, மெல்லச் சரிந்து செல்லும் ஒரு மேட்டு நிலத்தைக் கண்டதாக அவர் எழுதி வைத்தார். ஆனால் அது எங்கே இருக்கிறது என்பதை வரைபடத்தில் சரிவரக் குறிக்கவில்லை. மறு ஆண்டே காலமாகிவிட்டார். 1925-இல் சர் ஜார்ஜ் மெக்ஸ்வெல் நேரில் வந்து பார்த்த பிறகுதான் காரியங்கள் வேகம் பிடித்தன. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து மேலே வரும் சாலை 1931-இல் முடிந்தது. காட்டை வெட்டித் தேயிலை நட்டதில் நம் தமிழ்ப் பாட்டாளிகளின் உழைப்பைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இடையில் போன 40 ஆண்டுகளுக்குக் கேமரன் ஒருவரையே குறை சொல்வது நியாயமாகாது. அடர்ந்த காடு, சாலை இல்லை, செலவு செய்யவும் ஆளில்லை. ஆனாலும், நிற்கும் இடத்தைக் குறிக்காமல் பார்க்கும் பார்வை எவ்வளவு சுலபமாகத் தொலைந்துபோகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

இந்தக் குறைக்கு மருந்து அதற்கும் 80 ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் கண்டாகிவிட்டது. 1802-இல் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் என்ற இராணுவ அதிகாரி, ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோட்டைச் சங்கிலியால் அங்குலம் பிசகாமல் அளந்தார். அந்தக் கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தூரத்து மலை ஒன்றைத் தொலைநோக்கியால் பார்த்துக் கோணத்தைக் குறித்துக்கொண்டால், அந்த மலைக்குப் போகாமலே அதன் தூரம் தெரிந்துவிடும். பிறகு அந்த மலையிலிருந்து அடுத்த மலை. இப்படி முக்கோணம் முக்கோணமாக இந்தியா முழுவதையும் அளந்தார்கள்.

இதற்குப் பயன்பட்ட கருவி தியோடலைட். தொலைநோக்கியோடு கோணம் காட்டும் பெரிய வட்டத் தகடுகள் சேர்ந்தது. எடை ஏறக்குறைய அரை டன். தஞ்சை வட்டாரத்திலோ மலை இல்லை, எங்கும் தென்னந்தோப்பு. எனவே 1808-இல் அதைப் பெரிய கோயிலின் மேலே ஏற்றினார்கள். கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் பல வாரங்கள் உட்கார்ந்து தம் கையாலேயே அதைத் தட்டிச் சரிசெய்தார். அவருக்குப் பின் அந்தப் பணியைத் தொடர்ந்த ஜார்ஜ் எவரெஸ்ட், அதற்கு முன் ஜாவாவில் நில அளவை செய்தவர் என்பது நம் வட்டாரத்தினருக்குச் சுவையான செய்தி. கருவியைத் தோளில் சுமந்தவர்கள், மலையுச்சியில் கொடி பிடித்து நின்றவர்கள் பெயர்களை மட்டும் யாரும் சிகரத்துக்கு வைக்கவில்லை.

சரி, இதற்கும் கணினித் தொலைநோக்கிக்கும் என்ன சம்பந்தம்? 1990-களின் இறுதியில் மீட், செலஸ்ட்ரான் நிறுவனங்கள் சாமானியர் வாங்கக்கூடிய விலையில் இக்கருவிகளைக் கடைக்குக் கொண்டுவந்தன. விசையைப் போட்டதும் கையடக்கக் கணினி கேட்பது என்ன தெரியுமா? ஊர், தேதி, நேரம். அடுத்து இரண்டு விண்மீன்களைக் காட்டச் சொல்லும். லாம்டன் சங்கிலி போட்டு அளந்ததைப் போல, அந்த இரண்டையும் வைத்துத்தான் அது தான் நோக்கும் திசையை உறுதி செய்கிறது. ஊரைத் தவறாகச் சொன்னால் விலையுயர்ந்த கருவியும் வெறுமையான வானத்தைத்தான் காட்டும்.

கேமரன் மலையில் இதில் ஒரு சிக்கல் உண்டு. கருவியோடு வரும் குறிப்புகள் பெரும்பாலும் துருவ நட்சத்திரத்தைப் பார்க்கச் சொல்லும். இம்மலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே நாலரை பாகையில் இருப்பதால், துருவ நட்சத்திரமும் அடிவானத்துக்கு மேலே நாலரை பாகைதான் எழும். மலையும் மூடுபனியும் அதை விழுங்கிவிடும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் சிரியஸையும் அகத்தியர் விண்மீனையும் காட்டினால் வேலை முடிந்தது.

துணைக்கோளங்களில் இரு வகை. அனைத்துலக விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், ஒன்றரை மணி நேரத்தில் உலகைச் சுற்றிவிடும். 2007 அக்டோபரில் நம் விண்வெளி வீரர் ஷேக் முஸாபர் சென்றது அங்குதான். அந்தி சாய்ந்த பிறகும் மேலே வெயில் படுவதால் அது மின்னும். சில நிமிடங்களில் வானைக் கடந்துவிடும் அதைக் கையால் துரத்த முடியாது. அதன் பாதைக் கணக்கைக் கணினிக்கு ஏற்றிவிட்டால் மோட்டார் துரத்தும். அந்தக் கணக்கு சில நாள் பழையதானாலும் குறி தவறும்.

இன்னொரு வகை, தோட்டத்து வீடுகளின் கூரையில் உள்ள ஆஸ்ட்ரோ தட்டு அண்ணாந்து பார்ப்பது. 1996-இல் மியாசாட்-1 நிலைநிறுத்தப்பட்ட இடம் 91.5 பாகை கிழக்கு. உயரம் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர். அதே இடத்தில் இன்றும் மியாசாட் கோள்கள் நிற்கின்றன. சற்றுப் பெரிய தொலைநோக்கியை அங்கே திருப்பி மோட்டாரை நிறுத்தினால், விண்மீன்கள் எல்லாம் நகர்ந்து போக, ஓரிரு மங்கிய புள்ளிகள் மட்டும் அசையாமல் நிற்கும். நாம் பார்க்கும் தொடர் நாடகம் அங்கிருந்துதான் இறங்குகிறது.

பகலில் அதே கருவியை எதிர்மலைக்குத் திருப்பலாம். அதற்கு முன் தரைப் பொருள் பார்க்கும் முறைக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பூமிச் சுழற்சியை ஈடுகட்டுவதாக நினைத்து மோட்டார் மலையை விட்டு மெல்ல நழுவும். வில்லையைப் பொறுத்துக் காட்சி தலைகீழாகவோ இடவலம் மாறியோ தெரியும். வெயில் ஏறினால் தேயிலைச் சரிவு நீருக்குள் இருப்பதுபோல் நெளியும். இந்த நெளிவுக்காகவே எவரெஸ்ட் இரவில் விளக்குகளை ஏற்றி வைத்து அளந்தார். சுங்கை பாலாஸ் பக்கம் காலையில் பார்த்தால் கொழுந்து கொய்வோர் முகம்கூடத் தெளியும். பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள்.

இரவுதான் இப்போது கவலை. செவ்வந்தி உரிய காலத்துக்கு முன் பூக்காதிருக்க, இம்மலையின் மலர்ப் பண்ணைகளில் நெகிழிக் கூரையின் கீழ் விளக்குகள் எரிகின்றன. பனி இறங்கினால் அந்த வெளிச்சம் மேலே பரவி மங்கலான விண்மீன்களை அழித்துவிடுகிறது. பண்ணைக்காரர்களின் பிழைப்பு அது, அணைக்கச் சொல்ல முடியாது. ஆகவே தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் தேயிலைச் சரிவின் மறுபக்கம், பண்ணை விளக்குகள் தெரியாத இருட்டு மூலையாகத் தேடிப் போகிறார்கள். போன இடத்தைக் கணினிக்குச் சொல்லிவிட்டு, மூடுபனி விலகக் காத்திருக்கிறார்கள்.