55 கிலோவுல ஜெயிச்சவன் அடுத்து எங்க போவான்?

இந்த எபிசோட் போஸ்டர்களைப் பத்தினது. பொங்கல் முடிஞ்சு பங்குனி வரைக்கும் எப்ப வேணாலும் பொன்னமராவதி பக்கம் போய்ப் பாருங்க. பஸ் ஸ்டாண்ட் சுவர், டீக்கடைத் தட்டின்னு எங்க பார்த்தாலும் ரெண்டு வகை போஸ்டர் ஒட்டியிருக்கும். ஒண்ணு மாட்டு வண்டி எல்கைப் பந்தயம், இன்னொண்ணு கபடி. எல்லாரும் பரிசுத் தொகையைத்தான் முதல்ல படிப்பாங்க. எனக்குப் பிடிச்சது அடியில பொடி எழுத்துல இருக்குற விதிமுறைகள். ஏன்னா, யார் யாரோட மோதலாம்ங்கிற கேள்விக்கு ஒரு ஊரே உட்கார்ந்து யோசிச்ச பதில் அங்கதான் இருக்கு.

எல்கைப் பந்தயத்துல பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடுன்னு பிரிவு வெச்சிருப்பாங்க. தென்மாவட்டங்கள்ல இன்னும் கீழ போய், பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டுன்னுகூட உண்டு. எவ்வளவு அழகு பாருங்க! சின்ன மாடுகளுக்குச் சின்னப் பறவைகளோட பேரு. பெரிய மாட்டுக்குத் தூரம் அதிகம், சின்ன மாட்டுக்குக் குறைவு. ஒரு பெரிய மாட்டு ஜோடி, கரிச்சான் ஜோடியைத் தோற்கடிச்சா அதுல பார்க்க என்ன இருக்கு? ரோட்டோரம் வெயில்ல நிக்கிற கூட்டத்துக்கு வேண்டியது சரிசமமான மோதல்.

கபடிக்கு இந்த வேலையைச் செய்றது எடை. 55 கிலோ, 60 கிலோ, 65 கிலோ, அப்புறம் எல்லாரும் ஆடக்கூடிய ஓபன். இது ஊர்ல மட்டும் இருக்குற வழக்கம் இல்ல. அகில இந்திய கபடி சம்மேளனம் 1950-ல உருவாச்சு. ஆண்களுக்கான முதல் தேசியப் போட்டி 1952-ல நடந்தது எங்க தெரியுமா? நம்ம மெட்ராஸ்ல. சர்வதேச அளவுலயும் ஆண்களுக்கு 85 கிலோ, பெண்களுக்கு 75 கிலோன்னு உச்சவரம்பு இருக்கு. ஆனா அங்க அது ஒரே ஒரு கோடு. ஊர்ப் போட்டியிலதான் அஞ்சஞ்சு கிலோவுக்கு ஒரு படி.

இந்த எடைப் பிரிவுக்கு ஒரு விலையும் உண்டு. 58 கிலோ இருக்குற பையன் 55-ல ஆடுறதுக்காக ரெண்டு நாள் சரியா சாப்பிடாம, தண்ணியைக் குறைச்சு, ஓடி வியர்வையில எடையை இறக்கிட்டு வந்து தராசுல ஏறுவான். உலக அளவுல இதே கொடுமையை 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல எல்லாரும் பார்த்தோம். 50 கிலோ மல்யுத்தத்துல ஃபைனல் வரைக்கும் வந்த வினேஷ் போகத், 100 கிராம் கூடுதல்னு தகுதி நீக்கம் ஆனாங்க. அவங்களுக்காவது பக்கத்துல டாக்டர் இருந்தார். ஊர்க் கபடியில தராசுக்குப் பக்கத்துல இருக்குறது விழாக் குழுத் தலைவர்.

சரி, இப்ப விஷயத்துக்கு வர்றேன். கேமிங் ஆடுறவங்களுக்கு இது சட்டுனு புரியும். ஒரு நல்ல ரேங்க் சிஸ்டம் ரெண்டு கேள்விக்குப் பதில் சொல்லணும். இன்னைக்கு நான் யாரோட ஆடணும்? ஜெயிச்சா நாளைக்கு எங்க ஆடுவேன்? முதல் கேள்விக்கு எங்க ஊர்ப்பக்கம் அருமையான பதில் இருக்கு. ரெண்டாவதுக்கு? போன வருஷம் 55 கிலோவுல கோப்பை வாங்கின டீம், இந்த வருஷமும் அதே 55 கிலோவுலதான் நுழைவுக் கட்டணம் கட்டி ஆடும். அதுக்கு மேல படியே இல்ல. அடுத்த ஊர்ல அடுத்த வாரம் நடக்குற போட்டிக்கு இந்த வெற்றி தெரியவே தெரியாது. எங்க துறை மொழியில சொன்னா, இது நினைவே இல்லாத சிஸ்டம். ஒவ்வொரு தடவையும் பூஜ்ஜியத்துல இருந்து ஸ்டார்ட் ஆகும்.

இந்த நினைவை விளையாட்டுக்குள்ள கொண்டுவந்த கதை பழசு. இங்கிலாந்துல ஃபுட்பால் லீக் 1888-ல தொடங்குது, 1892-ல ரெண்டாவது டிவிஷன் வருது. மேல போறது யாரு, கீழ இறங்குறது யாருன்னு முடிவு பண்ண ஆரம்பத்துல டெஸ்ட் மேட்ச்னு ஒண்ணு வெச்சாங்க. மேல் டிவிஷன்ல கடைசியா வந்தவங்களும் கீழ் டிவிஷன்ல முதல்ல வந்தவங்களும் மோதணும். 1898-ல ஸ்டோக், பர்ன்லி ரெண்டு டீமுக்கும் டிரா ஆனாலே போதும்ங்கிற நிலைமை. ரெண்டு பேரும் கோல் போட முயற்சியே பண்ணாம 0-0-னு முடிச்சாங்க. கூட்டம் கொதிச்சுப் போச்சு. அதோட டெஸ்ட் மேட்சைத் தூக்கிட்டு, புள்ளிப் பட்டியல்ல மேல வந்தவங்க நேரா மேல போகலாம்னு விதியை மாத்தினாங்க. ஒரு விதியில ஓட்டை இருந்தா ஆடுறவன் அதுல நுழைவான். அது அவன் தப்பில்லன்னு நான் நினைக்கிறேன். விதி எழுதினவன் டெஸ்ட் பண்ணாம ரிலீஸ் பண்ணிட்டான், அவ்வளவுதான்.

அதே 1888-ல மெட்ராஸ்ல புச்சி பாபு நாயுடு மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை ஆரம்பிச்சார். ஏன்னா 1846-ல தொடங்கின மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வெள்ளைக்காரங்களுக்கு மட்டும். அப்ப இருந்த ஒரே கிரேடு தோல் நிறம். அதுல ப்ரமோஷன் ஏது? 1915-16-ல இருந்து 1951-52 வரைக்கும் பொங்கலை ஒட்டி சேப்பாக்கத்துல பிரசிடென்சி மேட்ச்னு ஒண்ணு நடக்கும். ஐரோப்பியர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையில. எவ்வளவு நல்லா ஆடினாலும் நீங்க பிறந்த பக்கத்துலதான் ஆட முடியும்.

அதனாலதான் 1930-கள்ல மெட்ராஸ்ல லீக் கிரிக்கெட் வந்ததைப் பெரிய மாற்றமா நான் பார்க்குறேன். யாரு, எந்த ஜாதி, எந்த கிளப்ங்கிறதைவிட புள்ளி எத்தனைங்கிறது எழுத்துல வந்தது. சமத்துவம் அதோட வந்திருச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், அந்தக் கதை தனி எபிசோட். ஆனா டிவிஷன் டிவிஷனா ஒரு ஏணி உருவாச்சு. ஜெயிச்சா மேல, தோத்தா கீழ. அதை வருஷா வருஷம் பதிவு பண்ண ஒரு சங்கமும் இருந்தது.

இங்க ஒரு நுணுக்கம் இருக்கு. இந்த ஏணியில நிக்கிறது கிளப், ஆள் இல்ல. முதல் டிவிஷன் இடம்ங்கிறது கிளப்போட சொத்து மாதிரி. பின்னாடி இந்தியா சிமெண்ட்ஸ், சன்மார் மாதிரி கம்பெனிகள் கிளப்களை எடுத்து நடத்த ஆரம்பிச்சாங்க. வீரர்களுக்கு வேலை கிடைச்சது, சம்பளம் கிடைச்சது, அது பெரிய நன்மை. ஆனா நாலு நண்பர்கள் சேர்ந்து ஆரம்பிச்ச டீம் ஒவ்வொரு படியா ஏறி மேல வர்றது கஷ்டமாச்சு. நல்லா ஆடுற பையன் டீமை மேல தூக்குறதுக்கு முன்னாடியே, மேல இருக்குற டீம் அவனைத் தூக்கிடும்.

அந்தப் பையனுக்கு அது நல்லதுதான். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனையே எடுத்துக்கோங்க. ஊர்ல டென்னிஸ் பால் ஆடினவர். சென்னைக்கு வந்து 2010-11-ல பி.எஸ்.என்.எல் டீமுக்காக நாலாவது டிவிஷன்ல ஆடினார். அப்புறம் விஜய் கிளப், ஜாலி ரோவர்ஸ், 2015 ஜனவரியில ரஞ்சி, 2020 டிசம்பர்ல இந்திய டீம். அவர் ஏறின ஏணி இதுதான். ஆனா அதோட முதல் படி சென்னையில இருந்தது. பொன்னமராவதியில இருந்து மாவட்டத் தலைநகர் புதுக்கோட்டைக்கே சுமார் 40 கிலோமீட்டர்.

ஏணியில ஆள் நிக்காம கிளப் நின்னா என்ன ஆகும்ங்கிறதுக்கு உச்சகட்ட உதாரணம் அயர்லாந்துல இருக்கு. அங்க 1884-ல தொடங்கின ஜி.ஏ.ஏ-ங்கிற அமைப்பு கேலிக் ஃபுட்பால் நடத்துது. யாருக்கும் சம்பளம் கிடையாது. நம்ம ஊர் போஸ்டர்ல ‘ஒரே பஞ்சாயத்து வீரர்கள் மட்டும், ஆதார் அவசியம்’னு போடுற மாதிரி, அங்க பொதுவா பிறந்த ஊர் கிளப்புக்குத்தான் ஆடுவாங்க. கிளப்கள் சீனியர், இன்டர்மீடியட், ஜூனியர்னு பிரிஞ்சிருக்கும். ஜூனியர்னா சின்னப் பசங்க இல்ல, கீழ் கிரேடு. டேவிட் கிளிஃபோர்ட்னு ஒருத்தர், 2022-ல கெர்ரி மாவட்டத்துக்காக அயர்லாந்தின் மிகப் பெரிய கோப்பையை ஜெயிச்சு, அந்த வருஷத்தோட சிறந்த வீரரும் ஆனார். ஆனா அவரோட ஊர் கிளப் ஃபோசா இருந்தது ஜூனியர் கிரேடுல. 2023 ஜனவரியில அதே ஆள் ஃபோசாவுக்காக அகில அயர்லாந்து ஜூனியர் ஃபைனல் ஆடினார், ஜெயிச்சாங்க. பெரிய மாட்டைக் கரிச்சான் பந்தயத்துல பூட்டின மாதிரி!

நியாயமான்னு எதிர் டீம் கேட்கத்தானே செய்யும். ஆனா வேற கிளப்புக்குப் போன்னு அவரை விரட்டுறது நியாயமா? எனக்கு ஃபோசா பக்கம்தான் மனசு சாயுது. காரணம், அங்க ஒரு நோட்டு இருக்கு. ஃபோசா ஜெயிச்சது, அதனால அடுத்த கிரேடுக்கு ஏறியாச்சு. அந்த அநியாயத்துக்கு ஒரு வருஷம்தான் ஆயுசு.

நம்ம 55 கிலோவுக்குத் தராசு மட்டும் போதும். ப்ரமோஷனுக்குத் தராசு உதவாது, நோட்டு வேணும். பத்து ஊர் விழாக் குழுக்கள் ஒரே பட்டியலை ஒத்துக்கணும். ‘போன சீசன்ல ரெண்டு கோப்பை வாங்கின டீம் இனி ஓபன்ல மட்டும்’னு ஒரு வரி போஸ்டர்ல சேர்ந்தா போதும், புது டீமுக்கு வழி கிடைக்கும், ஜெயிச்ச டீமுக்கு மேல ஒரு படி கிடைக்கும். மேல போனா எடை வரம்பு இல்லைன்னா, பட்டினி கிடக்க வேண்டிய அவசியமும் குறையும். ஆனா அந்த ஓபன்ல 80 கிலோ ஆட்களோட 58 கிலோ பையன் மோதணும். அதனால 60, 65 எல்லாத்துலயும் ‘ஜெயிச்சவங்க பிரிவு’ன்னு தனியா ஒண்ணு வைக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன்.

மாட்டுக்கு இந்தப் பிரச்சினையே இல்ல. கரிச்சான்ல ஜெயிச்ச கன்னு வளர்ந்தா தானா நடுமாட்டுக்குப் போயிரும். ஜெயிச்ச மாட்டோட பேரும் ஓனர் பேரும் சந்தையில எல்லாருக்கும் தெரியும், விலையும் ஏறும். 55 கிலோவுல ஜெயிச்ச பையனுக்கு வீட்டு அலமாரியில ஒரு கோப்பை.

அந்தக் கோப்பைகள்ல ஊர் பேரும் வருஷமும் பொறிச்சிருப்பாங்க. உங்க வீட்டுல இருந்தா ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க, பழைய நோட்டீஸ் இருந்தாலும் சரி. பொன்னமராவதி வட்டாரத்துக்கு மட்டும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் ஆரம்பிச்சிருக்கேன். இப்போதைக்கு அதுல தலைப்பு வரிசை மட்டும்தான் இருக்கு: ஊர், வருஷம், எடை, டீம்.