பெயர் மாறிய தோட்டா: குமாவுன் மலைகளும் .275 ரிக்பியும்

1907-இல் குமாவுன் மலைப்பகுதியின் சம்பாவத்தில் ஜிம் கார்பெட் ஆட்கொல்லிப் பெண்புலி ஒன்றைக் கொன்றார். அது 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்டது. அவர் கையில் இருந்தது .500 அளவுள்ள கனத்த இரட்டைக்குழல் ரைபிள். அதற்கென எடுத்துச் சென்ற சில தோட்டாக்களும் தீர்ந்துவிட, உடன் வந்த தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கித்தான் வேட்டையை முடித்தார். இதைப் பாராட்டி ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் ஜான் ஹியூவெட் அவருக்கு இலண்டன் ஜான் ரிக்பி நிறுவனத்தின் இலேசான ரைபிள் ஒன்றைப் பரிசளித்தார். அதன் தோட்டாவின் பெயர் .275 ரிக்பி.

இந்தப் பெயரே ஒரு வரலாற்றுச் சான்று. இத்தோட்டா ரிக்பி உருவாக்கியதன்று. 1890-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் மௌசர் நிறுவனம் படைகளுக்காக வடிவமைத்த 7×57 தோட்டாதான் அது. ஏழு மில்லிமீட்டரை அங்குலத்தில் எழுதினால் .275 வரும். அதுவும் குழலின் உள்விட்டமே, குண்டின் விட்டம்.284 அங்குலம். 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில் பிரித்தானியப் படையினரைத் தொலைவிலிருந்து வீழ்த்தியதும் இதே தோட்டாதான். எதிரியின் தோட்டா, மில்லிமீட்டரைக் கைவிட்டு அங்குலத்தை ஏற்று, இலண்டன் வணிகர் ஒருவரின் பெயரையும் சூடிக்கொண்ட சில ஆண்டுகளிலேயே ஆளுநரின் பரிசாகிவிட்டது. பொருள் மாறவில்லை, குறி மட்டுமே மாறிற்று.

மலைக்கு இது பொருந்தியதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. .450/400 போன்ற இரட்டைக்குழல் ரைபிள் ஐந்து கிலோவை நெருங்கும்; .275 ரைபிளோ ஏறத்தாழ மூன்றரைக் கிலோதான். நாள் முழுதும் செங்குத்தான சரிவில் ஏறி இறங்குபவருக்கு அந்த ஒன்றரைக் கிலோ சிறிதன்று. இலேசான துப்பாக்கியில் பெரிய தோட்டாவை இட்டால் பின்னுதைப்பு தோளைத் தாக்கும். தோளுக்கு அஞ்சுபவரின் குறி தவறும். .275-இன் பின்னுதைப்பு மிதமானது. ரிக்பியின் 140 கிரெய்ன் குண்டு, அதாவது ஒன்பது கிராம் குண்டு, விரைந்து செல்வதால் அதன் பாதை அதிகம் வளையாது. பள்ளத்தாக்கின் மறுகரையில் நிற்கும் விலங்கின் தொலைவைக் கணிப்பதில் நேரும் சிறு பிழையை அது பொறுத்துக்கொள்ளும்.

1930-இல் சௌகட் பெண்புலியைக் கார்பெட் எதிர்கொண்டபோது அவரது இடக்கையில் பறவை முட்டைகள் இருந்தன. வலக்கையால் மட்டுமே .275-ஐ மெல்லச் சுழற்றிச் சுட்டார். ஐந்து கிலோத் துப்பாக்கியால் அது நடந்திருக்குமா என்பது ஐயமே. ஆயினும் அவர் .450/400-ஐக் கைவிட்டுவிடவில்லை, அடர்ந்த புதரில் மிக அருகே பாயும் புலிக்கு 400 கிரெய்ன் குண்டு தரும் உறுதியைச் சிறுகுண்டு தராது. ஆப்பிரிக்காவில் டபிள்யூ. டி. எம். பெல் இதே .275 கொண்டு யானைகளை வீழ்த்தியதைச் சான்று காட்டுவோர், அவர் கனத்த திண்குண்டுகளையே பயன்படுத்தினார் என்பதையும், மண்டையோட்டின் அமைப்பை அறிந்து சுட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தோட்டாத் தேர்வைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கோடு நின்றுவிடுகின்றன. இந்தியாவில் அந்தக் கணக்குக்கு முன்னதாகவே சட்டம் நின்றது. கிளர்ச்சியாளர் கையில் இருந்த மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளுக்குத் தோட்டா கிடைத்துவிடுமோ என்ற அச்சத்தால் .450 அளவுத் துப்பாக்கிகளின் இறக்குமதிக்கு அரசு தடை விதித்தது. .465, .470, .475 என்ற விசித்திர எண்கள் பிறந்தது அந்தத் தடையைச் சுற்றிப்போகத்தான். படையின் .303-உம் பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டது. அந்த இடத்தை நிரப்பிய .315, ஆஸ்திரியப் படையின் எட்டு மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாதான். அங்கும் மில்லிமீட்டர் அங்குலமாயிற்று. பின்னாளில் இச்சாப்பூர் ஆலையும் இதற்கான ரைபிளைத் தயாரித்தது.

இவையெல்லாம் தேர்ந்தெடுக்கும் உரிமை உடையோரின் சிக்கல்கள். 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி இந்தியருக்கு உரிமம் கட்டாயம்; ஐரோப்பியருக்கு விலக்கு உண்டு. சம்பாவத்தில் புலியை விரட்ட ஏறத்தாழ முந்நூறு ஊரார் திரண்டனர். உரிமமற்ற துப்பாக்கிகளைக் கண்டும் காணாமல் இருப்பதாகவும், வேண்டுவோர்க்குத் தோட்டா தருவதாகவும் தாசில்தார் முன்னதாகவே அறிவித்திருந்தார். அன்று வெளிவந்த ஆயுதங்கள் ஓர் அருங்காட்சியகத்தையே நிரப்பக்கூடியவை என்ற பொருளில் கார்பெட் வேடிக்கையாக எழுதுகிறார். வேடிக்கைக்கு அடியில் இருப்பது வேறு. கூரையிலும் வைக்கோற்போரிலும் மறைத்து வைக்கத்தக்க பழந்துப்பாக்கிகளையே நம்பி, ஆட்கொல்லி உலவும் காட்டோரம் வாழ்ந்தவர்களுக்குக் குண்டின் வேகமும் பாதையின் வளைவும் தேர்வுக்குரிய பொருளாக இருந்ததே இல்லை.

பரிசுத் துப்பாக்கியின் கட்டையில் பதித்த வெள்ளித் தகடு கொடுத்தவர் பெயரையும் பெற்றவர் பெயரையும் இன்றும் காட்டுகிறது. 2015-இல் ரிக்பி நிறுவனம் அதைத் திரும்ப வாங்கியது. மறு ஆண்டு அது குமாவுனுக்குக் கொண்டுவரப்பட்டுக் கார்பெட்டின் சோட்டி ஹல்த்வானி கிராமத்தாருக்கும் காட்டப்பட்டது. சம்பாவத் ஊரார் அன்று மறைவிடங்களிலிருந்து எடுத்து வந்த துப்பாக்கிகளில் ஒன்றின் அளவும் கார்பெட்டின் எழுத்தில் குறிக்கப்படவில்லை.