ஓர் அமினோ அமிலமும் இரு தாய்மாரும்

நார்வே நாட்டில் போர்க்னி ஏகெலாண்ட் என்றொரு தாய் இருந்தார். மனவளர்ச்சி குன்றிய தம் இரு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு மருத்துவர் பலரிடமும் அலைந்தவர். குழந்தைகளின் சிறுநீரில் ஒருவகைப் பூஞ்சை வாடை வீசுவதை அவர் கவனித்திருந்தார். (நாற்றம் என்ற சொல் பழந்தமிழில் நறுமணத்தைக் குறித்தது என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி வருகிறேன். அந்த வாடையை எச்சொல்லால் குறிப்பது என்று தெரியவில்லை.)

1934இல் அவர் ஆஸ்லோவில் அஸ்பியோர்ன் ஃபோலிங்கைச் சந்தித்தார். மருத்துவத்தோடு வேதியியலும் பயின்றவர் ஃபோலிங். சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு கரைசலைச் சொட்டியபோது அது கரும்பச்சையாக மாறிற்று. அவர் அதுவரை கண்டிராத நிறம். இருபது லிட்டருக்கும் மேற்பட்ட சிறுநீரைச் சேகரித்து, அந்நிறத்திற்குக் காரணம் ஃபீனைல்பைருவிக் அமிலம் என்று கண்டறிந்தார். பின்னர் காப்பகங்களில் இருந்த 430 பேரைச் சோதித்ததில் எட்டுப் பேரிடம் அதே பச்சை தென்பட்டது.

புரத உணவிலிருந்து கிடைக்கும் ஃபீனைல்அலனின் என்னும் அமினோ அமிலத்தை உடல் டைரோசினாக மாற்ற இயலாமற் போவதே இந்நோய். ஃபீனைல்கீட்டோனூரியா என்பது பின்னாளில் இட்ட பெயர். தேங்கும் ஃபீனைல்அலனின் குழந்தையின் மூளையைச் சிதைக்கிறது. காரணம் தெரிந்தும் பதினேழு ஆண்டுகள் மருந்தில்லை. புரதத்தை அறவே நிறுத்தினால் குழந்தை வளராது. ஃபீனைல்அலனின் இல்லாத புரதமோ இயற்கையில் அரிது.

1951இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனையில் இன்னொரு தாய். தம் மகளுக்கு ஏதேனும் செய்தாக வேண்டும் என்று, ஹார்ஸ்ட் பிக்கெல் என்ற இளம் மருத்துவரை நாள்தோறும் ஆய்வகத்திற்கே வந்து வற்புறுத்தினார். லண்டனில் இருந்த லூயிஸ் வூல்ஃப் ஒரு வழி சொன்னார்: பால் புரதத்தை அமினோ அமிலங்களாக உடைத்துக் கரியின் வழியே வடிப்பது. கரி ஃபீனைல்அலனினைப் பிடித்துக்கொண்டது. ஆனால் டைரோசினையும் டிரிப்டோஃபேனையும் சேர்த்தே பிடித்துக்கொண்டது. ஆகவே அவ்விரண்டையும் தனியே அளந்து மீண்டும் கலக்க வேண்டியதாயிற்று. இந்நோய்க்கான ஊட்டக் கலவைகளின் தொடக்கம் இதுவே.

இரத்தத்தில் ஃபீனைல்அலனின் இறங்கியது. எனினும் குழந்தையின் எடையும் குறைந்தது. வெளியிலிருந்து கிடைக்காதபோது உடல் தன் தசையையே கரைத்து அந்த அமிலத்தைத் தேடிக்கொள்ளும். கூடினால் நஞ்சாவது, அறவே இல்லையென்றாலும் கேடுதான். சிறிதளவு பாலை உணவில் சேர்த்த பிறகே குழந்தை தேறியது. சில மாதங்களில் தவழ்ந்தாள், எழுந்து நின்றாள்; ஓயாத அழுகையும் தலையை மோதிக்கொள்வதும் நின்றன.

அடுத்து நடந்ததை என்னால் எளிதில் கடக்க முடியவில்லை. முன்னேற்றம் உணவினால்தானா என்று உறுதி செய்ய, தாய்க்குத் தெரியாமல் கலவையில் ஃபீனைல்அலனின் சேர்த்தார்கள். சில மணி நேரத்தில் அழுகை திரும்பியது. ஒரே நாளில் குழந்தையால் நிற்க முடியவில்லை. பின்பு தாயின் ஒப்புதலோடு, மருத்துவமனையிலேயே, அதே சோதனையை மீண்டும் செய்தனர். 1953இல் 'லான்செட்' இதழில் இது வெளியாயிற்று. அறிவியல் நோக்கில் அச்சோதனை தேவையாயிருந்திருக்கலாம். கற்றதை ஒரே நாளில் இழந்த மகளைக் காரணம் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்த தாயை நினைத்தால், முதல்முறையே கேட்டிருக்கலாமே என்றுதான் தோன்றுகிறது.

அச்சிறுமிக்கு ஏற்பட்டிருந்த மூளைச் சேதம் முழுதும் மீளவில்லை. உணவுமுறையைப் பிறந்தவுடன் தொடங்க வேண்டும். அதற்கான எளிய சோதனையை, குதிகாலிலிருந்து வடிதாளில் எடுத்த துளி இரத்தத்தைக்கொண்டு, 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கரான ராபர்ட் கத்ரி உருவாக்கினார்.

இன்று இரத்தத்தில் ஃபீனைல்அலனின் டெசிலிட்டருக்கு 2 முதல் 6 மில்லிகிராம் வரை இருக்குமாறு இக்குழந்தைகளின் உணவை அமைக்கிறார்கள். டைரோசினின் அளவையும் உடன்வைத்துப் பார்க்கிறார்கள். ஃபீனைல்அலனின் 2க்குக் கீழே போனால் மருத்துவர் மகிழ்வதில்லை. பாலைக் கொஞ்சம் கூட்டச் சொல்கிறார்.