பாதியில் விட்டவர்களின் பணம்

இணையத்தில் தொழில் தொடங்க மூன்று சக்கரம் வேண்டுமாம். முதலில் இலவசமாக எதையாவது எழுதிக்கொண்டோ பேசிக்கொண்டோ இருக்க வேண்டும். அது கன்டென்ட். அதைப் பார்த்து வருகிறவர்களை ஒரு குழுவாகக் கட்டி வைக்க வேண்டும். அது கம்யூனிட்டி. கடைசியில் அந்தக் குழுவுக்கு ஒரு வகுப்பை விற்க வேண்டும். அது கோர்ஸ். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாரும் வீட்டுக்குள் முடங்கிய நாளிலிருந்து நம் ஊரில் இந்த மூன்று சொல்லும் தண்ணீர் பட்ட பாடு. கேக் அலங்காரம், பங்குச் சந்தை, ஜாதகம், குழந்தை வளர்ப்பு, சிறுகதை, எல்லாவற்றுக்கும் வகுப்பு.

யாரோ கலிபோர்னியாவில் கணினி முன் உட்கார்ந்து கண்டுபிடித்த வித்தை போல இதைச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்து இதற்கு நூற்று முப்பது வயது தாண்டிவிட்டது. பிறந்த இடம் நிலக்கரிச் சுரங்கம்.

1869 செப்டம்பர் 6. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஏவண்டேல் என்ற சுரங்கம். உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே குழி. அந்தக் குழியின் தலைமேலேயே மரத்தால் ஆன பெரிய கட்டடத்தை எழுப்பி வைத்திருந்தார்கள். அது தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களும் காப்பாற்றப் போனவர்களுமாக 110 பேர் செத்தார்கள். அதன்பிறகு சுரங்கப் பாதுகாப்புச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1885இல் வந்த சட்டம், சுரங்க மேற்பார்வையாளராக வேண்டுமென்றால் தேர்வு எழுதித் தேற வேண்டும் என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் பத்து வயதில் கரி பொறுக்கப் போனவன் தேர்வு எப்படி எழுதுவான்? காற்றோட்டக் கணக்கு, வாயுக்களின் தன்மை எல்லாம் அவனுக்கு யார் சொல்லித் தருவார்கள்?

அங்கே தாமஸ் ஃபாஸ்டர் என்ற பத்திரிகையாசிரியர் இருந்தார். 'மைனிங் ஹெரால்ட்' என்ற சுரங்கத் தொழில் பத்திரிகையை நடத்திவந்தார். தொழிலாளர்கள் அனுப்பும் கேள்விகளுக்கு விடை சொல்லும் பகுதி ஒன்றைத் தொடங்கினார். இதுதான் அவருடைய கன்டென்ட். கேள்விகள் குவிந்தன. ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்தார். அந்த ஆட்களுக்குத் துண்டு துண்டாக விடை கொடுப்பதைவிட, கூட்டல் கழித்தலிலிருந்து தொடங்கி வரிசையாகப் பாடம் கொடுத்தால் என்ன என்று நினைத்தார். 1891இல் ஸ்க்ராண்டன் நகரிலிருந்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலுக்கான அஞ்சல்வழிப் பாடம் கிளம்பியது. சின்னச் சின்னப் புத்தகங்கள். ஒன்றைப் படித்து விடை அனுப்பினால் திருத்தி வரும், அடுத்தது வரும். பின்னாளில் அது இன்டர்நேஷனல் கரஸ்பாண்டன்ஸ் ஸ்கூல்ஸ் ஆனது. வரைபடம், மின்சாரம், கொதிகலன் என்று பாடங்கள் பெருகி, 1920களின் நடுவில் சேர்ந்தவர்களின் மொத்தக் கணக்கு இருபது லட்சத்தைத் தாண்டியிருந்தது.

ஃபாஸ்டரை எனக்குப் பிடிக்கும். அவர் விற்றது அந்த மனிதர்களுக்கு நிஜமாகவே தேவைப்பட்டது. ஆனால் அவருடைய கம்பெனி வளர்ந்த விதத்தில்தான் இந்தத் தொழிலின் இன்னொரு முகமும் தெரியத் தொடங்கியது. விளம்பரத்தோடு நிற்காமல் விற்பனை ஆட்களை ஊர் ஊராக அனுப்பினார்கள். கட்டணத்தைத் தவணையில் கட்டலாம். அவர்களைப் பார்த்து நூற்றுக்கணக்கான பள்ளிகள் முளைத்தன. 1926இல் கார்னகி அமைப்பின் ஆதரவில் ஜான் நாஃப்சிங்கர் என்பவர் இந்த அஞ்சல்வழிப் பள்ளிகளை ஆராய்ந்து ஒரு புத்தகம் எழுதினார். சேர்ந்தவர்களில் மிகச் சிலரே பாடத்தை முடித்தார்கள் என்பது அதில் வெளிப்பட்ட சங்கதி.

இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பாடம் மொத்தம் 24 என்று வைத்துக்கொள்வோம். மாணவன் 24 பாடத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுகிறான். மூன்றாவது பாடத்தோடு சோர்ந்து போகிறான். வேலை முடிந்து வந்து விளக்கு வெளிச்சத்தில் படிக்க முடியவில்லை. பள்ளிக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. மீதி 21 பாடத்தைத் திருத்த வாத்தியாருக்குக் கொடுக்கவேண்டிய சம்பளம் மிச்சம். ஒப்பந்தப்படி கட்டணம் மட்டும் வந்துகொண்டே இருக்கும். தொழில் வட்டத்தில் இதற்குப் பெயரே வைத்திருந்தார்கள்: பாதியில் விட்டவர்களின் பணம். கடைசிவரை படிக்கிற மாணவன்தான் இந்த வியாபாரத்துக்குச் செலவு.

நம்மைப் போன்றவர்களுக்கு, அதாவது எழுத்தாளராக ஆசைப்படுகிறவர்களுக்கு, இந்தக் கணக்கு கச்சிதமாகப் பொருத்தப்பட்டது 1961இல். பெயர் ஃபேமஸ் ரைட்டர்ஸ் ஸ்கூல். இடம் கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்ட்போர்ட். விளம்பரங்களில் பதினைந்து பிரபல எழுத்தாளர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்றவர் பென்னட் செர்ஃப். ராண்டம் ஹவுஸ் பதிப்பகத்தை உருவாக்கியவர்களில் ஒருவர், தொலைக்காட்சியில் வாராவாரம் தெரிந்த முகம். உங்களுக்குள் ஓர் எழுத்தாளர் ஒளிந்திருக்கிறாரா என்று பார்க்க ஒரு திறன் தேர்வு, அது இலவசம். இன்றைக்கு இலவச வெபினார் என்கிறார்களே, அதன் தாத்தா. எழுதி அனுப்பினால் விற்பனையாளர் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்.

இந்தத் திறன் தேர்வில் யாராவது தோற்றிருப்பார்களா? ராபர்ட் பைர்ன் என்ற எழுத்தாளர் சோதித்துப் பார்த்தார். படிப்பறிவு குறைந்த ஒரு வயதான பெண்மணியின் பெயரில், வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதி அனுப்பினார். உங்களிடம் திறமை இருக்கிறது, சேருங்கள் என்று பதில் வந்தது.

1970 ஜூலை 'அட்லாண்டிக்' மாத இதழில் ஜெசிகா மிட்ஃபோர்ட் இந்தப் பள்ளியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு முன்பு அமெரிக்காவின் ஈமச்சடங்கு வியாபாரத்தைத் தோலுரித்துப் புத்தகம் எழுதியவர். பிணத்தை வைத்துச் சம்பாதிக்கிறவர்களைப் பார்த்து முடித்துவிட்டு ஆசையை வைத்துச் சம்பாதிக்கிறவர்கள் பக்கம் வந்தார். அவருடைய கணவர் வழக்கறிஞர். 72 வயது விதவை ஒருவர், சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தில் வாழ்கிறவர், இந்தப் பள்ளிக்கு 200 டாலர் முன்பணம் கட்டிவிட்டுத் திரும்ப வாங்க முடியாமல் அவரிடம் வந்தார். அங்கிருந்துதான் மிட்ஃபோர்டுக்கு நூல் கிடைத்தது.

அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்த இடம் எது தெரியுமா? கோபமாக எதுவும் எழுதாமல், அந்தப் பிரபலங்களுக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து, நீங்கள் மாணவர்களின் கதையைப் படிக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை, அதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்கிற ரீதியில்தான் பதில்கள். அஞ்சல்வழி விற்பனை என்பதே ஏமாளிகளை நம்பித்தான் நடக்கிறது என்ற பொருளில் செர்ஃபே பேசிவிட்டு, இதை மட்டும் போட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். மிட்ஃபோர்ட் அதையும் சேர்த்துப் போட்டார்.

கட்டணம் 785 டாலரிலிருந்து 900 டாலர் வரை. மாணவர்கள் 65,000. திருத்துகிற ஆசிரியர்கள் 55. விற்பனையாளர்கள் 800. வகுத்துப் பாருங்கள், ஓர் ஆசிரியருக்கு ஏறக்குறைய 1,180 மாணவர்கள். எல்லாரும் ஒழுங்காக எழுதி அனுப்பினால் அந்தப் பள்ளி ஒரு மாதத்தில் கவிழ்ந்திருக்கும். யாரும் எழுதமாட்டார்கள் என்பதுதான் அதன் அஸ்திவாரம். கட்டுரை வந்தபிறகு பங்கு விலை சரிந்து, 1972இல் கம்பெனி திவாலானது.

இது அமெரிக்கத் திருடர்களின் கதை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இலவசமாகக் கொடுத்தாலும் மனிதர்கள் பாதியில் விடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்ட இணைய வகுப்புகளை ஆராய்ந்து 2019இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. 2017-18இல் சேர்ந்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் 3.13 விழுக்காடு. அதனால் பாதியில் நிற்பது மாணவனின் குற்றமும் இல்லை, எல்லா வகுப்பும் மோசடியும் இல்லை. வகுப்பு நடத்துகிறவருக்கு, பாதியில் நின்றவனால் லாபமா நஷ்டமா என்பதுதான் நான் கேட்க நினைப்பது.

போன வருடம் நம்ம தம்பி ஒருவர் வந்தார். டிஜிட்டல் மார்க்கெட்டிங் செய்கிறவர். நல்ல பையன், கதையும் படிக்கிறவன். "அண்ணே, சிறுகதை கோர்ஸ் ஒன்னு பண்ணலாம். நீங்க பேசினா போதும், மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்," என்றார். மூன்று மணி நேரத்துக்கு வீடியோ எடுத்து வைத்துவிடுவது, ஆளுக்கு 300 வெள்ளி, 200 பேர், ஒரு டெலிகிராம் குழு. எழுதுகிற கதைகளை யார் படிப்பது என்று கேட்டேன். "அது வேணாம் அண்ணே. அதுதான் டைம் சாப்பிடுது. குரூப்ல அவங்களே மாத்தி மாத்திப் படிச்சுக்குவாங்க." வெஸ்ட்போர்ட்காரர்கள் 55 ஆசிரியர்களையாவது வைத்திருந்தார்கள்.

அவருக்கு நான் சொன்னது ஸ்க்ராண்டன் கதையும் இல்லை, வெஸ்ட்போர்ட் கதையும் இல்லை. கோலாலம்பூரில் நடந்த ஒன்றைச் சொன்னேன்.

1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' நாளிதழில் 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் சேர்ந்து 'கதை வகுப்பு' ஒன்று நடத்தினார்கள். நாடு எப்படி இருந்த நேரம் அது? போர் முடிந்து ஐந்து வருடம். 1948 ஜூனில் அறிவித்த அவசரகாலம் தலைமேல். அந்தக் காலத்தில் பேப்பரில் பாடம். சிறுகதை என்றால் என்ன, எப்படித் தொடங்குவது, பாத்திரம் எப்படி நிற்கும் என்று விளக்கம். பிறகு பயிற்சி. வாசகர்கள் எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும். இங்கே யாரோ அதைப் படித்தார்கள், மதிப்பிட்டார்கள். மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றை எழுதுகிற எவரும் இந்த வகுப்பைத் தாண்டிப் போவதில்லை. போருக்குப் பிந்தைய நம் சிறுகதைக்கு அது நாற்றங்கால்.

அதில் விளைந்த கதைகள் எல்லாம் மகத்தானவை என்று நான் சொல்லமாட்டேன். வகுப்புக் கதைக்கு ஒரு வகுப்புக் கதை வாசனை இருக்கும், இப்போதும் இருக்கிறது. ஆனால் அந்த வியாபாரத்தைப் பாருங்கள். கன்டென்ட் உண்டு, கம்யூனிட்டி உண்டு, கோர்ஸ் உண்டு. தர்மம் என்றும் நினைக்க வேண்டாம். பத்திரிகை விற்க வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கும் இருந்திருக்கும்தானே. காசு வந்த வழிதான் வேறு. அன்றன்றைக்குப் பேப்பர் வாங்குகிறவன் கொடுக்கிற காசு. மாணவன் மூன்றாவது பாடத்தில் சோர்ந்துபோனால் நேசனுக்கு ஒரு வாசகன் போச்சு. தேறினால் ஞாயிற்றுப் பதிப்புக்கு ஓர் எழுத்தாளன் கிடைத்தான். அவன் கதை வந்த அன்றைக்கு அவன் சொந்தக்காரர்களும் பேப்பர் வாங்கியிருப்பார்கள். சக்கரம் அதே மூன்றுதான், வண்டி எதிர்ப்பக்கம் ஓடுகிறது.

1952இல் கு. அழகிரிசாமி தமிழ்நாட்டிலிருந்து நேசனுக்கு ஆசிரியராக வந்தார். 1957 வரை இங்கே இருந்தார். வேலைக்குச் சம்பளம் பத்திரிகை கொடுத்தது. அதற்கு வெளியே இலக்கிய வட்டம் கூட்டி இங்கிருந்த எழுத்தாளர்களோடு உட்கார்ந்து கதை பேசினார். சிங்கப்பூரில் அதே காலத்தில் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு', மாணவர் மணிமன்றம் என்ற பகுதி வழியாகப் பள்ளிப் பிள்ளைகளை எழுத வைத்துக்கொண்டிருந்தது. அங்கே எழுதிப் பழகியவர்கள்தான் பிறகு சங்கம் கண்டார்கள், பத்திரிகை நடத்தினார்கள், மேடை ஏறினார்கள். அழகிரிசாமி இறந்தது 1970 ஜூலையில். மிட்ஃபோர்டின் கட்டுரை வந்த அதே மாதம். தற்செயல்தான், இருந்தாலும் எனக்கு மறப்பதில்லை.

நேசன் 2019 ஜனவரி 31ஆம் தேதியோடு நின்றுவிட்டது. பேப்பர் வாங்குகிறவனின் காசை நம்பி இன்று யாரும் கதை வகுப்பு நடத்த முடியாது என்பது எனக்கும் தெரியும். தம்பி அதைத்தான் பிடித்துக்கொண்டார். "சரி அண்ணே, அப்ப எப்படித்தான் பண்றது? சும்மா பண்ணச் சொல்றீங்களா?"

சும்மா வேண்டாம் என்றேன். சும்மா செய்கிறவன் மூன்று மாதத்தில் ஓடிவிடுவான். வேலை முடிந்து வந்து மாதத்துக்குப் பன்னிரண்டு கதைகளை என்னால் உட்கார்ந்து படிக்க முடியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுத முடியும். அதனால் பன்னிரண்டு பேர். மொத்தமாகக் கட்டணம் வேண்டாம், மாதாமாதம் கட்டட்டும். பிடிக்கவில்லையென்றால் அடுத்த மாதம் வரமாட்டார்கள்.

தம்பி கைப்பேசியை எடுத்துத் தட்டினார். பன்னிரண்டு பேர், அறுபது வெள்ளி, 720. ஜூம் கட்டணம் கழித்தார். போஸ்டர் செலவு கழித்தார். முகம் சுருங்கியது.

"இதுல ரெண்டாவது மாசமும் அதே பன்னிரண்டு பேர் வந்தாத்தானே அண்ணே நமக்குக் காசு?"

"ஆமா," என்றேன். "வரணும்."