அரிசிப் பூஞ்சணத்துல கிடைச்ச ராத்திரி மாத்திரை

1/ "கொழுப்பு நார்மல்னு ரிப்போர்ட் வந்துருச்சு சார், அதான் ராத்திரி மாத்திரையை நிறுத்திட்டேன்." ஹார்ட் அட்டாக் வந்து பிழைச்ச ஆலங்குடி பக்கத்து அய்யா ஒருத்தர் ஓபியில சொன்னது. இப்படி நிறைய பேர் வராங்க. அவங்களுக்காக அந்த மாத்திரையோட கதை.

2/ ஜப்பான், 1971. சாங்க்யோ மருந்து கம்பெனி விஞ்ஞானி அகிரா எண்டோவுக்கு ஒரு யோசனை. பென்சிலின் பூஞ்சையில இருந்துதானே வந்துச்சு? உடம்புல கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கிற பொருளும் ஏதாவது பூஞ்சையில இருக்கலாமே? 2 வருஷத்துல சுமார் 6,000 வகைகளைச் சோதிச்சார். 1973ல கிடைச்சுது. கியோட்டோ தானியக் கடை அரிசியில இருந்து எடுத்த பூஞ்சணத்துல!

3/ எலிக்குக் கொடுத்தா கொழுப்பு குறையல. விடல மனுஷன். முட்டைக்கோழிக்குக் கொடுத்தார், நல்லா குறைஞ்சுது. ஆனா 1980ல, பக்கவிளைவு சந்தேகத்துல கம்பெனியே ஆராய்ச்சியை நிறுத்திருச்சு. அதே குடும்பத்து லோவாஸ்டாட்டினை மெர்க் கம்பெனி உருவாக்க, 1987ல அமெரிக்கா அனுமதி கொடுத்துச்சு.

4/ கொழுப்பு குறையுது, சரி. ஆயுசு கூடுமா? 1994ல பதில் வந்துச்சு. வடக்கு ஐரோப்பிய நாடுகள்ல 4,444 இதய நோயாளிகள். பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாட்டின், பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெத்து மாத்திரை. 5 வருஷத்துக்கு மேல பார்த்ததுல, வெத்து மாத்திரை பக்கம் 256 மரணம். மருந்து பக்கம் 182.

5/ அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் பெரும்பாலானவங்க மருந்து எடுத்தாங்க. அப்படியும் 10 வருஷ முடிவுல, முதல்லயே ஆரம்பிச்சவங்க பக்கம்தான் மரணம் குறைவு: 414க்கு எதிரா 468. தாமதிச்ச வருஷங்களை முழுசா ஈடுகட்ட முடியல.

6/ ஏன்? இது தலைவலி மாத்திரை மாதிரி இல்லீங்க. ரத்தக்குழாய்ல ஏற்கெனவே படிஞ்ச கொழுப்புத் திட்டு வெடிச்சு அடைக்காம, வருஷக்கணக்கா காவல் நிக்குது. ரிப்போர்ட் நார்மல்னா காவல் நல்லா நடக்குதுன்னு அர்த்தம். காவல்காரரை அனுப்பிரலாம்னு அர்த்தம் இல்ல.

7/ அதே 1994லதான் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமும் ஆரம்பமாச்சு. அரசு ஆஸ்பத்திரிக்கு மொத்தமா மருந்து வாங்கி அனுப்புறது அவங்கதான். 2023ல வந்த 'இதயம் காப்போம்' திட்டத்துல, மாரடைப்பு அறிகுறியோட ஆரம்ப சுகாதார நிலையம் வர்றவங்களுக்கு உடனே தர்ற 14 மாத்திரையில 8 இந்த வகைதான் (அடார்வாஸ்டாட்டின்).

8/ தசை வலி, வேற தொந்தரவு இருந்தா நீங்களா நிறுத்தாம டாக்டர்கிட்ட சொல்லுங்க. அளவைக் குறைக்கலாம், மருந்தை மாத்தலாம். வலி கடுமையா இருந்து சிறுநீரும் கருத்துப் போனா அன்னைக்கே வந்துருங்க.

அய்யா மறுபடி ஆரம்பிச்சுட்டார். உங்க வீட்ல யாராவது நிறுத்தியிருந்தா, இன்னைக்கே கேளுங்க.